கேட்டு எழுதும் கணினி: கட்டளை வரித் தொகுப்பான்களும் திரைவாசிப்பான்களும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிரம்பானைச் சுற்றி ரந்தாவ், லாபு, நீலாய், போர்ட்டிக்சன் எனப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழரின் ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன்பே பெரட்டுக் களத்தில் தொடங்கியது. கிராணி பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயருக்குரியவர் குரல் கொடுப்பார். பட்டியல் அடுத்த வரிக்கு நகரும். பட்டியலைக் கண்ணால் காண வேண்டியவர் கிராணி ஒருவரே. மற்றவர்க்கு அது காதுக்குரிய பொருளாகவே இருந்தது. தோட்டத்துக்குத் தமிழ் நேசனோ தமிழ் முரசோ வந்து சேர்ந்த மாலைகளிலும் இதுவே நடந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் அமர்ந்தவர்கள் கேட்டனர். புரியாத இடத்தில் திரும்பப் படிக்கச் சொல்லினர். ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்த பின்னரும், கேட்டுப் படிக்கும் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது.

எழுத்து என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தோட்டத் தமிழர் தம் வாழ்க்கையிலேயே அறிந்திருந்தனர். ஆயினும் தமிழ் எழுத்து வரலாற்றை ஆராயும் நாம், கல்வெட்டு, ஓலை, அச்சு, கணினி என்னும் வரிசையில் எல்லாவற்றையும் கண்வழியாகவே நோக்கி வருகிறோம். கண்பார்வை இல்லாதவர் கணினியில் எவ்வாறு எழுதினர், எழுதியதை எவ்வாறு திருத்தினர், அவ்வரலாற்றில் தமிழ் எங்கு நின்றது என்பன நம் ஆய்வுகளில் பெரிதும் இடம்பெறவில்லை. கட்டளை வரித் தொகுப்பானையும் திரைவாசிப்பானையும் முன்வைத்து அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதும், அதிலிருந்து தமிழாசிரியர் கொள்ளத்தக்கவற்றை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

விரலுக்கு வந்த தமிழ்

கணினிக்கு முந்திய கட்டத்தை முதலில் காண்போம். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் தம் ஆறு புள்ளி எழுத்துமுறையை 1829இல் நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். இம்முறை தமிழுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பார்வையற்றோர் கல்விப் பணி இதில் முன்னோடியாகும். பின்னர், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளி வடிவம் என்பது அதன் அடிப்படை.

இம்முறையில் ஒரு கூறு நம் கருத்துக்குரியது. தமிழ் வரிவடிவத்தில் 'கொ' என்று எழுதும்போது கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் இறுதியிலும் வருகின்றன. பிரெயிலில் அவ்வாறில்லை. முதலில் ககரம், அடுத்து ஒகரம் என ஒலிக்கும் முறைப்படியே வருகின்றன. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகின்றது என்னும் இலக்கணக் கோட்பாட்டுக்கு அச்சு வடிவத்தைவிடப் பிரெயில் வடிவமே அணுக்கமாக நிற்கின்றது. ஒலிமுறை எழுத்து, வடிவமுறை எழுத்து என்னும் இவ்வேறுபாடு பின்னர்க் கணினியில் பெருஞ்சிக்கலாக மீண்டும் எழுந்தது.

மலாயாவில் செயிண்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர்ப் பினாங்குக்கு மாறியது. ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளி 1948இல் அமைந்தது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் உருவாகி, தமிழர் செறிந்து வாழும் பிரிக்பீல்ட்சில் நிலைகொண்டது. இந்நிறுவனங்கள் பல்லாயிரவருக்கு எழுத்தறிவும் தொழிலும் அளித்தன. ஆயினும் பயிற்றுமொழி ஆங்கிலமாகவும் பின்னர் மலாயாகவும் அமைந்தது. இதன் விளைவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் பிறந்த பார்வையற்ற பிள்ளை எழுத்தறிவு பெறத் தோட்டத்தை மட்டுமன்றித் தமிழ்ப் பள்ளியையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவனுக்குத் தமிழ் பேச்சாகவும் பாட்டாகவும் எஞ்சியது. எழுத்தாக வேறு மொழி வாய்த்தது.

வரியே அலகாக இருந்த காலம்

கணினியின் தொடக்கக் காலத்தில் திரை என்பதே பலவிடங்களில் இல்லை. தொலை அச்சுப்பொறியில் கட்டளையைத் தட்டினால், விடை தாளில் அச்சாகி வரும். அக்காலத்துப் பொறியொன்று நொடிக்குப் பத்து எழுத்துகள் என்னும் வேகத்திலேயே அச்சிட்டது. ஒரு பக்கத்தைத் திருத்த விரும்புபவர் பக்கம் முழுவதையும் ஒவ்வொரு முறையும் அச்சிட்டுப் பார்த்தல் இயலாது. ஆகவே கேட்ட வரியை மட்டும் காட்டும் தொகுப்பான் தேவைப்பட்டது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய 'ஈ.டி.' என்னும் தொகுப்பான் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் இயல்பு மிக எளியது. வரி எண்ணைத் தட்டினால் அவ்வரி வெளிப்படும். ஓரெழுத்துக் கட்டளையால் வரியைச் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்றலாம். ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், அது வரும் வரியைக் காட்டும். தவறு நேர்ந்தால் ஒரு வினாக்குறியை மட்டும் இடும். கேளாத எதனையும் அது சொல்வதில்லை.

இவ்வடக்கம் பார்வையற்றோரை எண்ணிச் செய்யப்பட்டதன்று. பொறியின் மெதுவான வேகத்தால் விளைந்தது. ஆயினும் கேட்டு வாசிப்பவருக்கு அது பெரிதும் பொருந்தியது. கண் ஒரு பக்கத்தை ஒரே நோக்கில் மேய்ந்து வேண்டியதைப் பற்றிக்கொள்ளும். காதுக்கு அவ்வாற்றல் இல்லை. ஒலி காலத்தில் ஓடுவது. ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். எனவே எந்த வரியில் நிற்கிறோம், என்ன மாறியது, அடுத்து என்ன என்னும் மூன்றும் தெளிவாக இருந்தால் கேட்பவர் பார்ப்பவருக்கு இணையாக வேலை செய்ய முடியும். பெரட்டுக் களத்துப் பெயர்ப் பட்டியலைப் போல, வரி வரியாக அழைத்து விடை கேட்கும் தொகுப்பானில் இம்மூன்றும் இயல்பாகவே அமைந்தன.

பின்னர் முழுத்திரைத் தொகுப்பான்கள் தோன்றின. பில் ஜாய் 1976இல் எழுதிய 'வி.ஐ.' இவற்றுள் ஒன்று. இங்கே எழுத்துகள் திரையின் பலவிடங்களில் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கண்ணுக்கு இது வசதி. ஆனால் திரையில் மாறியதை ஒலிக்க வேண்டிய மென்பொருள், மாற்றங்களுள் எது முதன்மையானது என்பதை ஊகிக்க வேண்டியதாயிற்று. தட்டும் எழுத்து பனுவலில் சேர்கிறதா, கட்டளையாகக் கொள்ளப்படுகிறதா என்பதும் செவிக்கு எப்போதும் புலப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்களுள் பார்வையற்ற நிரலாளர் கார்ல் டால்கே ஒருவர். அவர் 2000களின் தொடக்கத்தில் 'எட்பிரவுஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். பனுவலைத் தொகுப்பதும் இணையப் பக்கத்தைப் படிப்பதும் ஆகிய இரண்டையும் 'ஈ.டி.' முறையிலேயே, வரி வரியாகச் செய்ய அது வழிசெய்தது. பழைமை என ஒதுக்கப்பட்ட ஒரு முறையை, கேட்பவரின் தேவை நோக்கி அவர் மீட்டெடுத்தார் எனலாம்.

திரைவாசிப்பானின் தோற்றம்

திரையில் உள்ள எழுத்தைச் செயற்கைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளே திரைவாசிப்பான். இப்பெயரைப் பரப்பியது ஐ.பி.எம். நிறுவனம். அங்குப் பணியாற்றிய ஜிம் தாட்சர், தம் முனைவர்ப்பட்ட வழிகாட்டியும் பார்வையற்ற கணித அறிஞருமான ஜெஸ்ஸி ரைட்டுடன் இணைந்து செய்த முயற்சியின் பயனாக, டாஸ் இயங்குதளத்துக்கான திரைவாசிப்பான் 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. 1989இல் டெட் ஹென்டர் 'ஜாஸ்' என்பதனை வெளியிட்டார். விபத்தொன்றில் பார்வை இழந்தவர் அவர். தேவை உடையவர்களே கருவியையும் செய்தனர் என்பது இவ்வரலாறு நெடுகக் காணப்படும் உண்மையாகும்.

டாஸ் திரை எழுத்துகளால் ஆனது. ஒவ்வோரிடத்திலும் எந்த எழுத்து நிற்கிறது என்பது கணினியின் நினைவகத்தில் எழுத்தாகவே பதிவாகியிருந்தது. அதனை எடுத்துப் படிப்பது எளிது. 1990களில் படவடிவத் திரை பரவியபோது நிலைமை மாறியது. திரையில் தோன்றுவது எழுத்தின் படமே அன்றி எழுத்தன்று. சுட்டியால் படத்தைத் தொட்டு வேலை வாங்கும் முறை, பார்வையுள்ளோர்க்குக் கணினியை எளிதாக்கிய அதே வேளையில், பார்வையற்றோர் கையில் இருந்த வேலையைப் பறித்தது. திரை வரையப்படும்போதே கட்டளைகளை இடைமறித்து, எழுத்தை மீட்டுத் தனியே ஒரு படியெடுக்கும் உத்தியைத் திரைவாசிப்பான்கள் மேற்கொண்டன. இச்சிக்கல் தீர ஆண்டுகள் பல ஆயின. ஜாஸின் விலையும் ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டியிருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இலவசமாகக் கிடைத்ததால் இத்தடை பெரிதும் நீங்கியது.

ராமனின் ஈமாக்ஸ்பீக்

இவ்வரலாற்றில் இந்தியர் ஒருவரின் பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. புனேயில் வளர்ந்த டி.வி. ராமன் பதினான்காம் வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை முற்றும் இழந்தார். புனேயில் கணிதம் பயின்று, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பு மேற்கொண்டார். அங்கு உடன்பயின்ற மாணவர்கள் பாடநூல்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினர். லயத்து வாசலில் நடந்த அதே வாசிப்பு உயர்கல்வி நிலையத்திலும் நடந்தது என்று கூறின் மிகையாகாது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அவர் முடித்த முனைவர்ப்பட்ட ஆய்வு, கணிதச் சமன்பாடுகளைச் செவிக்கேற்ப ஒலிக்கச் செய்வது பற்றியது. கணிதத் தொடர் இடமிருந்து வலமாக ஓடும் சொல்வரிசை அன்று. அதற்குள் அடுக்குகள் உண்டு. அவ்வடுக்குகளைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் வேறுபடுத்திக் காட்ட முடியும் என அவர் நிறுவினார். அவ்வாண்டின் சிறந்த கணினியியல் ஆய்வேட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது.

1995இல் அவர் 'ஈமாக்ஸ்பீக்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்பது 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான பனுவல் தொகுப்பான். அதன் கட்டற்ற வடிவத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். ராமன் செய்தது யாது? பிற திரைவாசிப்பான்கள் வெளியிலிருந்து திரையைப் பார்த்துப் படித்தன. அவர் தொகுப்பானின் உள்ளேயே பேச்சைச் சேர்த்தார். ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையை முடித்தவுடன், தான் செய்ததைத் தானே சொல்லுமாறு அமைத்தார்.

அவர் காட்டும் நாள்காட்டி எடுத்துக்காட்டு இதனை விளக்கும். திரையில் மாதத்தின் தேதிகள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. திரையைப் படிக்கும் மென்பொருள் எண்களை வரிசையாக ஒப்பிக்கும். எது எந்தக் கிழமை என்று கேட்பவருக்குத் தெரியாது. ஈமாக்ஸ்பீக்கோ, நிற்கும் இடத்துக்குரிய கிழமை, மாதம், தேதி, ஆண்டு ஆகியவற்றை முழுத்தொடராகச் சொல்லும். திரையில் தெரிவதைச் சொல்வது வேறு, அதன் பொருளைச் சொல்வது வேறு என்பதே இதன் உட்கருத்து. நிரலின் குறிப்புரை ஒரு குரலிலும் கட்டளைச் சொல் வேறொரு குரலிலும் ஒலிக்கும். கோப்பு திறந்தது, சேமிக்கப்பட்டது என்பவற்றைச் சிறு ஒலிக்குறிகள் உணர்த்தும்.

1999இல் ஈமாக்ஸ்பீக் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் நிலையான ஆய்வுத் தொகுப்பில் இடம்பெற்றது. ராமன் 2005இல் கூகுள் நிறுவனத்தில் இணைந்து, ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பேசும் வசதியை உருவாக்கிய பணியிலும் பங்கேற்றார். இன்று பார்வையற்ற பலர் கைப்பேசியையே முதற் கணினியாகக் கொண்டிருப்பதற்கு அப்பணியும் ஒரு காரணம்.

தமிழ் ஊமையான காலம்

இவையெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழின் நிலை யாது? கணினித் தமிழ் வளர்ச்சியில் மலேசியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ்த் திரையில் தோன்றவும் தாளில் அச்சாகவும் வேண்டும் என்பதே அக்காலத்து முதல் தேவையாக இருந்தது. அத்தேவை நிறைவேறிய வழி, பார்வையற்றோர்க்குக் கதவை அடைத்தது.

காரணம் எழுத்துருக்களின் அமைப்பு. பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தோன்றும் சொல், கணினிக்குள் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்னும் ஐந்து குறிகளே. பார்ப்பவருக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் தட்டி வைத்த தமிழ்க் கட்டுரைகள் யாவும் செவிக்கு இவ்வாறே ஒலித்தன.

தரப்படுத்த எழுந்த டிஸ்கி, 1999இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் ஆகிய குறியீடுகளும் வரிவடிவ வரிசையையே பின்பற்றின. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனவே பதிவாயிற்று. பேச்சொலிப் பொறி அதனை ஒலிக்க வேண்டுமாயின் முதலில் வரிசையை மாற்றியமைக்க வேண்டும். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. அதில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என ஒலிமுறையே பேணப்பட்டது. பாளையங்கோட்டைப் பிள்ளைகள் விரலால் தடவிய அதே வரிசை எனலாம். ஆயினும் அது வழக்கில் வேரூன்ற நாளாயிற்று. தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

ஒருங்குறியில் இலக்கண நோக்கில் குறை கூறுவோர் உண்டு. 'தமிழ்' என்னும் சொல் இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ ஐந்து குறியிடங்கள். தொகுப்பானில் ஓரெழுத்து நகர்ந்தால் சில வேளை உயிர்மெய்யின் நடுவே நிற்க நேரும். இக்குறை மெய்யே. ஆயினும் எழுத்தைப் படமாகக் கருதாமல் ஒலியாகக் கருதும் அடிப்படையை அது தமிழுக்கு அளித்தது. அதன் மேலேயே தமிழ்க் குரல்கள் எழுந்தன. பல மொழிகளைப் பேசும் 'ஈஸ்பீக்' என்னும் கட்டற்ற பேச்சொலிப் பொறியில் தமிழும் இடம்பெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய நிறுவனங்கள் இயல்பான தமிழ்க் குரல்களை உருவாக்கித் திரைவாசிப்பான்களுடன் இணைத்தன.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் உருவான அத்திட்டம், தமிழ் இலக்கியங்களை எழுத்தாகவே தட்டச்சிட்டு, டிஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. எழுத்தாக இருந்ததனால் அவை புதிய குறியீட்டுக்கு மாறின. இன்று செவிக்கும் எட்டுகின்றன. படமாக மட்டும் வருடி வைக்கப்பட்ட நூல்களை எழுத்துணரி கொண்டு மீண்டும் எழுத்தாக்கி, பிழை திருத்திய பின்னரே கேட்க இயலும்.

மூன்று னகரமும் தமிழாசிரியரும்

குரல் வந்த பின்னும் ஒரு தடை எஞ்சியது. அது தமிழாசிரியர் நன்கறிந்ததே. பனி, பணி, கரை, கறை, அலை, அளை, அழை ஆகிய சொற்கள் இயந்திரக் குரலில் ஒலிக்கும்போது வேறுபாடு புலப்படுவது அரிது. நகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே அவ்வேறுபாடும் கேட்பதில்லை. பார்வையுள்ள மாணவன் எழுதியதைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். கேட்டு எழுதும் மாணவன் எவ்வாறு அறிவான்?

ஆங்கிலத்திலும் இத்தகைய இடர் உண்டு. பி, டி போன்ற எழுத்துப் பெயர்கள் ஒன்றுபோல் கேட்கும். எனவே ஓரெழுத்தை மீண்டும் கேட்டால் 'ஆல்பா, பிராவோ' என விளக்கச்சொல்லால் திரைவாசிப்பான் சொல்லும். என்.வி.டி.ஏ. மென்பொருளில் ஒவ்வொரு மொழிக்கும் இத்தகைய விளக்கச்சொற்பட்டியலைச் சேர்க்க இடமுண்டு. தமிழுக்கு இதனைப் புதிதாகப் புனைய வேண்டியதில்லை. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். இடையின ரகரம், வல்லின றகரம். சிறப்பு ழகரம் என நம் ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பெயர்களே அதற்குப் போதுமானவை. சொல்வதெழுதல் வகுப்பில் உருவான இப்பெயர்கள், பார்வையற்ற மாணவனின் கணினியில் ஒலிக்கத்தக்க ஆயத்தமான கலைச்சொற்களாகும்.

இங்கே வரி, சொல், எழுத்து என்னும் மூன்று நிலை வாசிப்பு இன்றியமையாதது. வரியைக் கேட்டுப் பொருளை உணர்தல், ஐயம் எழுந்த சொல்லில் நிற்றல், அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருத்துதல் என்பன அந்நிலைகள். கட்டளை வரித் தொகுப்பான்கள் இவ்வொழுங்கையே கற்பித்தன. இன்றைய பார்வையற்ற பயனர் பலர் அத்தொகுப்பான்களை நேரடியாகக் கையாள்வதில்லை. கட்டளைகளை மனனம் செய்ய வேண்டியிருப்பதும் அவை ஆங்கிலத்தில் அமைந்திருப்பதும் அவற்றின் வரம்புகள். எனினும் அவை காட்டிய ஒழுங்கு, வழக்கமான சொற்செயலியிலும் கைப்பேசியிலும் பொருந்தும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று. கணினி வளர வளர எல்லார்க்கும் எளிதாயிற்று என்பது முழு உண்மையன்று. எழுத்து படமாக மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் பார்வையற்றோர் வெளியே நிறுத்தப்பட்டனர். அடுத்து, பிரெயிலும் ஒருங்குறியும் ஒலிமுறையைப் பேணியதனால் தமிழ் செவிக்கு மீண்டது. இறுதியாக, எஞ்சியுள்ள குறைகளைக் களையும் அறிவு பொறியாளரிடம் மட்டுமன்றித் தமிழாசிரியரிடமும் உள்ளது.

சிரம்பான் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் இன்று தட்டச்சாகும் தேர்வுத்தாளும் பயிற்றியும் பெரும்பாலும் கணினியிலேயே உருவாகின்றன. அவற்றைப் பழைய எழுத்துருவில் தட்டினாலும், தட்டியதைப் படமாக்கி அனுப்பினாலும், பார்வையற்ற ஒரு பிள்ளைக்கு அது வெற்றுத்தாளே. ஒருங்குறியில் எழுத்தாக அனுப்பினால், அதே தாளை அப்பிள்ளை கேட்டுப் படித்து, விடையும் எழுதித் தரலாம். இதற்குக் கூடுதல் செலவில்லை. கூடுதல் நேரமும் இல்லை. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படித்து, அறியாதவரையும் வாசிப்புக்குள் அழைத்துக்கொண்ட தோட்டத்து மரபு நமக்கு உண்டு. அம்மரபின் வழிவந்த நாம், நம் பள்ளிகளின் தமிழ்த் தாள்கள் செவிக்கும் எட்டுமாறு செய்தல் நம் கடமையாகும்.